ஆறாவது கோப்பை

எங்கள் குடும்பத்தில் சந்தேகப் புத்தி எல்லோருக்கும் உண்டு. நைனா பால்காரரைச் சந்தேகப்படுவார். அம்மா மளிகைக் கடைத் தராசைச் சந்தேகப்படுவாள். அத்தை ஒரே ஒரு மனிதரைத்தான் சந்தேகப்படுவாள். ஆனால் அதை முழுநேர வேலையாகச் செய்வாள். அந்த மனிதர் மாமா, அவளைக் கட்டியவர். அத்தை நைனாவுக்கு அக்கா. நகரியில் எங்களுக்கு அடுத்த வீடு. கல்யாணமாகிப் பல வருஷமாகியும் அவளுக்குக் குழந்தை இல்லை. அதனால் என்னைப் பாதி அவள்தான் வளர்த்தாள். என் புத்தியிலும் பாதி அவளுடையதாகத்தான் இருக்க வேண்டும்.

காலமும் அப்படிப்பட்ட காலம். ஆந்திரா தனி ராஜ்யமாகப் பிரிந்துபோய், எல்லை மட்டும் முடிவாகாமல் இழுத்துக்கொண்டிருந்த வருஷங்கள். நகரி யாருக்கு, புத்தூர் யாருக்கு, திருத்தணி யாருக்கு என்று தெருவுக்குத் தெரு கட்சி கட்டிக்கொண்டிருந்தார்கள். வீட்டில் என்ன பாஷை பேசுகிறீர்கள் என்று வெளியாள் யாராவது கேட்டால், கேட்கிறவர் எந்தப் பக்கத்து மனிதர் என்று மேலும் கீழும் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறப்போம். நாங்கள் வீட்டில் தமிழில் சண்டை போட்டு, சந்தையில் தெலுங்கில் பேரம் பேசுகிற ஜனங்கள். எதைச் சொன்னாலும் பாதி பொய்யாகத்தான் இருக்கும்.

தெருவில் நெய்கிற லுங்கிகளையும் புடவைகளையும் மூட்டை கட்டித் திருப்பதிக் கடைகளுக்குக் கொண்டுபோய்ப் போடுவது மாமாவின் தொழில். அவருடைய பித்து ஜப்பான் பீங்கான். ஜமீன்களெல்லாம் போன பிறகு, பக்கத்து ஊர் ஜமீன் பங்களாவில் சாமான்களை ஏலம் விட்டார்கள். போனவர்கள் கட்டிலும் அண்டாவும் எடுத்துக்கொண்டு வந்தார்கள். மாமா ஒரு கூடை வைக்கோலைச் சுமந்துகொண்டு வந்தார். வைக்கோலைப் பிரித்தால் உள்ளே ஒரு டீக் கூஜா, சர்க்கரைக் கிண்ணம், ஆறு தட்டுகள், நாலே நாலு கோப்பைகள்.

புகை படிந்தாற்போலக் கறுப்பும் சாம்பலுமான நிறம். கோப்பையைச் சுற்றி வெள்ளையாக ஒரு மிருகம் மேலெழும்பி ஓடும். தடவினால் முதுகெலும்பு விரலில் தட்டுப்படும். அது கடல் நாகம் என்றார் மாமா. அத்தை பல்லி என்றாள். நீலக் கண் வைத்த பல்லியை எந்தக் குடும்பப் பெண்ணும் அடுப்படிக்குள் விடமாட்டாள் என்று தீர்த்துச் சொல்லிவிட்டாள். தவிர, பீங்கான் என்றாலே எலும்புப் பொடி கலந்தது என்று ஊரில் ஒரு பேச்சு. இது அந்த ஜாதி இல்லை, வெறும் மண்ணும் கல்லும் சுட்டது என்று மாமா எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தார். எடுபடவில்லை.

அதோடு இன்னொரு சங்கடமும் இருந்தது. எங்கள் வீடுகளில் யாரும் பாத்திரத்தில் வாய் வைத்துக் குடிக்க மாட்டோம். தண்ணீரோ காப்பியோ மோரோ, தூக்கித்தான் ஊற்றிக்கொள்வோம். வாய் வைத்தால் எச்சில். பெற்ற பிள்ளை எச்சில் வைத்த டம்ளரைக்கூட அம்மா தனியாகக் கழுவிக் கவிழ்ப்பாள். கோப்பையோ வாய் வைத்துக் குடிப்பதற்கென்றே செய்தது. ஆக, குடிக்கவும் முடியாமல் அடுப்படிக்குள் போகவும் முடியாமல், அந்த டீ செட் மாமா வீட்டுத் தறிக்கூடத்தில் கண்ணாடி அலமாரிக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டது. தறி அடிக்கிற ஒவ்வொரு அடிக்கும் கோப்பைகள் தட்டில் கிண்கிண் என்று ஆடும். தறி நின்ற பிறகும் சத்தம் கேட்டால், மாமா அலமாரியைத் திறந்துவிட்டார் என்று அத்தைக்குத் தெரியும்.

ஐந்தாவது கோப்பையை மெட்ராஸ் பழைய சாமான் கடை ஒன்றில் பிடித்துக்கொண்டு வந்தார். நகத்தால் சுண்டி என் காதருகே வைப்பார். நல்ல கோப்பை மணி மாதிரி இழுக்கும். விரிசல் விட்டதென்றால் தொண்டை கட்டினவன் போல் பேசும். பின்பக்கத்துச் சிவப்பு எழுத்தைக் காட்டி, நிப்பான் என்று போட்டிருந்தால் ரொம்பப் பழசு, ஜப்பான் என்று போட்டிருந்தால் அதற்குப் பிந்தியது என்று பாடம் நடத்துவார். ஒரு தடவை என் கைபட்டு ஒரு தட்டின் ஓரம் சில்லு பெயர்ந்தபோது என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் அன்றைக்கு முழுக்கச் சாப்பிடாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார்.

ஆறாவதுதான் கிடைக்கவில்லை. கிடைக்கவில்லை என்றும் சொல்ல முடியாது. இருக்கிற இடம் தெரிந்திருந்தது. திருப்பதியில், மலைப்படி ஆரம்பிக்கிற அலிபிரிக்குப் போகிற வழியில், யுத்தத்துக்கு முன்னால் ரங்கூனிலிருந்து கப்பலேறி வந்த ஒரு அம்மாள் ரவிக்கை தைத்துக்கொண்டிருக்கிறாள். அவளிடம் இதே பல்லிக் கோப்பை ஒன்று இருக்கிறது. கேட்டால் கொடுக்க மனசு வரமாட்டேன் என்கிறது. விடாமல் கேட்டுக்கொண்டிருந்தால் ஒருநாள் கொடுத்துவிடுவாள். இதுதான் மாமா சொன்ன கதை. மாசா மாசம் மூட்டையோடு திருப்பதிக்குப் போவார். மாசா மாசம் வெறுங்கையோடு வந்து, அடுத்த மாசம் பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறாள் என்பார்.

அத்தை முதலில் கோப்பையைச் சந்தேகப்பட்டாள். அவர் ஊரில் இல்லாத ஒரு மத்தியானம், இந்த மனுஷன் இதுக்குள்ள அப்படி இன்னாதான் பாக்கறாரு என்று என்னைக் கூட்டிக்கொண்டு அலமாரியைத் திறந்தாள். வெறும் கோப்பைதான். நான் ஒன்றைத் தலைக்கு மேலே தூக்கி, கூரையில் பதித்த கண்ணாடி ஓட்டு வெளிச்சத்துக்கு நேரே பிடித்தேன். அடியில் ஒரு பெண் பிள்ளை என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கொண்டையும் சின்ன வாயுமாக ஒரு முகம். கீழே இறக்கினால் இல்லை. தூக்கினால் வருகிறாள். அத்தை பிடுங்கிப் பார்த்தாள். அடுத்ததைப் பார்த்தாள். ஐந்திலும் அவளேதான். அடிமண்ணை மெல்லிசும் தடிமனுமாக வைத்துச் சுட்டு, வெளிச்சத்தில் உருவம் தெரியும்படி செய்கிற வித்தை அது என்றும், ஜப்பான்காரர்கள் அப்படி ஆயிரக்கணக்கில் செய்து கப்பலில் அனுப்பினார்கள் என்றும் பின்னாளில் நான் தெரிந்துகொண்டேன். அன்று எங்கள் இரண்டு பேருக்கும் அது மாயமாகத்தான் பட்டது. குடித்து முடிக்கிறவனுக்கு மட்டும் தெரிகிற முகம். அத்தை கோப்பைகளை இருந்தபடியே அடுக்கி வைத்தாள். அப்புறம் என்னைப் பார்த்துச் சொன்னாள்:

"அஞ்சி கப்பு அவுருக்குச் சுளுவா கெடைச்சிடுச்சி. ஆறாவது மட்டும் ரெண்டு வருசமா கெடைக்கல. அது எப்படி?"

எனக்கும் அது நியாயமான கேள்வியாகவே பட்டது. அவள் எதற்குப் பயந்தாள் என்பதும் ஓரளவு தெரியும். பிள்ளை இல்லாத வீட்டுக்கு ஆண்பிள்ளை இன்னொருத்தியைக் கூட்டிக்கொண்டு வருவது அப்போது ஊரில் நடக்காததல்ல. எங்கள் தெருவிலேயே ஒரு வீட்டில் அப்படி ஒருத்தி வந்து, மூத்தவள் மாட்டுக்கொட்டகைப் பக்கம் தனி அடுப்பு வைத்துப் பொங்கிக்கொண்டிருந்தாள். அத்தை அந்த வீட்டைத் தாண்டும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு நடப்பாள்.

கூடப் போய்ப் பார்த்துவர ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் நான் என்று அத்தை முடிவுசெய்தாள். மாமா என்னைச் சும்மா அழைத்துப்போக மாட்டார். ஆகவே, எனக்கு எப்போதோ காய்ச்சல் கண்டபோது ஏழுமலையானுக்கு முடி கொடுப்பதாக வேண்டிக்கொண்டதாக ஒருநாள் திடீரென்று அறிவித்தாள். எப்போ வேண்டிக்கினீங்க, எனக்குத் தெரியாம என்று அம்மா கேட்டாள். அம்மாவின் சந்தேகம் சரிதான். ஆனால் சாமி காரியத்தில் சந்தேகப்படக் கூடாது என்று நைனா வாயை அடைத்துவிட்டார். வேவு பார்க்கப் போன கூலியாக எனக்குக் கிடைத்தது மொட்டை.

கிளம்பும் முன் அத்தை என்னைக் கிணற்றடிக்கு இழுத்துப்போய், "அங்க நடக்கறத அப்படியே பாத்துக்கினு வா. கண்ண மூடிக்கினு தூங்கிடாத. நீயா ஒன்னும் சேக்காத, வுடாத," என்றாள்.

திருப்பதியில் நானும் மாமாவும் மூட்டையைக் கடையில் போட்டோம். அலிபிரியில் படியேறி, சத்திரத்தில் தங்கி, காலையில் முடி கொடுத்தோம். தலையை மழிக்கும்போது நான் போட்ட சத்தத்தில் பக்கத்திலிருந்தவர்கள் கோவிந்தா போட மறந்துபோனார்கள். தரிசனம் முடித்து, லட்டு வாங்கி, சந்தனம் பூசிய தலையோடு திரும்ப அலிபிரிக்கு இறங்கியபோது மத்தியானம் தாண்டிவிட்டது. இங்க ஒரு கப்பு பாக்கணும், அஞ்சி நிமிசம் என்றார் மாமா. நான் கண்களை அகல விரித்துக்கொண்டேன்.

ஓட்டு வீட்டில் ஒரு பாகம். வாசல் ஓரமாகத் தையல் மிஷின். அந்த அம்மாளுக்கு அத்தை வயதுதான் இருக்கும். அழகி என்று சொல்ல முடியாது. அதில் எனக்குச் சற்று ஏமாற்றம். கோப்பையிலிருந்த முகத்தை எதிர்பார்த்துப் போயிருந்தேன். கழுத்து மூடிய வெள்ளை ரவிக்கை போட்டிருந்ததால் தாலி இருக்கிறதா என்று பார்க்க முடியவில்லை. நானும் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தேன். அவள் மாமாவைப் பார்த்து வாங்க என்றும் சொல்லவில்லை, பெயர் சொல்லியும் கூப்பிடவில்லை. மிஷினை நிறுத்திவிட்டு எழுந்து உள்ளே போனாள். அவர் தானாகவே மணையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

டீ வந்தது. எனக்கு டம்ளரில். அவருக்கு அந்தக் கோப்பையில். நீலக் கண் பல்லி. ஆறாவது.

மாமா அதை இரண்டு கையாலும் ஏந்தி, வாய் வைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்தார். வீட்டில் காப்பியை ஒரே தூக்காகத் தூக்கித் தொண்டைக்குள் கவிழ்க்கிற மனிதர். எச்சில் வைக்கிறாரே என்று நான் அந்த அம்மாளைப் பார்த்தேன். அவள் முகம் சுளிக்கவில்லை. பொத்தானுக்குக் காஜா போட வேண்டிய ஒரு ரவிக்கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இரண்டு பேரும் பேசியது மிகக் கொஞ்சம்: மழை இல்லை, எல்லைக் கமிட்டிக்காரர்கள் வந்துபோனார்கள், நூல் கிடைக்கவில்லை. டீ தீர்ந்ததும் மாமா கோப்பையை ஜன்னல் பக்கம் தூக்கி அடியைப் பார்த்தார். பிறகு அவளிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, கை கழுவப் பின்பக்கம் போனார்.

எனக்குப் பொறுக்கவில்லை. அத்தையின் கஷ்டம் இந்த ஒரு கோப்பையால்தானே. நேராகக் கேட்டேன்: "அத எங்க மாமாக்குக் குடுக்க மாட்டீங்களா?"

அவள் என்னைப் பார்த்தாள். "குடுக்க மாட்டேன்னா சொன்னாரு?"

ஆமாம் என்றேன். அவள் சிரித்தாள். ஆனால் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

"மொத நாளே எடுத்துக்கினு போங்கன்னேன், பாப்பா. அடுத்த தபா, அடுத்த தபான்னு அவுருதான் வச்சிட்டுப் போறாரு."

சொல்லிவிட்டு, பின்பக்கம் தண்ணீர் ஊற்றும் சத்தத்தைக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு கோப்பையைக் கழுவித் துடைத்து, வெட்டுத் துணியில் சுற்றி, என் பைக்குள் லட்டுக்கு அடியில் வைத்தாள். என் மொட்டைத் தலையை ஒரு தரம் தடவி, வீட்டுக்குப் போய் அத்தை கையில் கொடு, வழியில் சொல்லாதே என்றாள். எனக்கு அத்தை ஒருத்தி இருப்பது அவளுக்கு எப்படித் தெரிந்தது என்று ரயிலில் புத்தூர் தாண்டுகிறவரைக்கும் சந்தேகப்பட்டுக்கொண்டே வந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் மாமா நூல் பார்க்கக் கிளம்பினார். அத்தை என்னைக் கிணற்றடிக்குக் கொண்டுபோனாள். தாலியைப் பற்றித் தெரியவில்லை என்றேன். குழந்தை குட்டி யாரும் கண்ணில் படவில்லை என்றேன். மாமாவுக்கு டீ கொடுத்தாள் என்றேன். அதற்கெல்லாம் ம் கொட்டினாள்.

"உங்க மாமாவ இன்னான்னு கூப்ட்டா? பேரு சொல்லியா?"

"ஒன்னுமே சொல்லிக் கூப்பிடல அத்தை."

நல்ல செய்தி சொன்னதாக நினைத்துக்கொண்டுதான் சொன்னேன். அவள் முகம் ஏன் அப்படிப் போயிற்று என்று தெரியவில்லை. எங்கள் தெருவில் எந்தப் பெண்ணும் புருஷனைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டாள். ஒன்றுமே சொல்லாமல்தான் கூப்பிடுவாள். அது என் மொட்டை மண்டையில் அப்போது ஏறவில்லை. அத்தை கிணற்றுக்குள் பார்த்தபடியே கடைசியாக ஒன்று கேட்டாள்.

"டீ குடிச்சாரே. தூக்கிக் குடிச்சாரா, வாய் வச்சா?"

"வாய் வச்சித்தான்."

அவளைச் சந்தோஷப்படுத்துவதற்கென்று வைத்திருந்ததை அப்போதுதான் எடுத்து நீட்டினேன். ஆறும் சேர்ந்துவிட்டது, இனிமேல் மாமா திருப்பதிக்குப் போக வேண்டியதே இல்லை என்றேன். துணியைப் பிரித்து, சாயங்கால வெளிச்சத்தில் அடியைத் தூக்கிப் பார்த்தாள். அதே முகம்தான். எனக்கு ஒரு லட்டு முழுசாகக் கிடைத்தது.

மறுநாள் காலையில் அந்த வீட்டில் இதுவரை நடக்காதது நடந்தது. பீங்கான் அடுப்படிக்குள் போயிற்று. அத்தை டீத்தூள் வாங்கிவரச் சொல்லி, டீ போட்டு, ஆறாவது கோப்பையில் ஊற்றி, தறிக்கூடத்தில் உட்கார்ந்திருந்த மாமாவின் முன்னால் கொண்டுவந்து வைத்தாள். அவர் முதலில் கோப்பையைப் பார்த்தார். அலமாரியைப் பார்த்தார். அங்கே ஐந்தும் இருந்தன. பிறகு என்னைப் பார்த்தார். இரண்டு வருஷமாகத் தேடிக்கொண்டிருந்த பொருள் கைக்கு வந்தால் மனிதன் துள்ளிக் குதிக்க வேண்டாமா? மாமா எழவுச் செய்தி கேட்டவர் போல உட்கார்ந்திருந்தார்.

"பாப்பா கொண்டாந்துச்சி. ஆறும் சேந்துடுச்சில்ல," என்றாள் அத்தை.

அவர் ம் என்றார். கோப்பையை எடுத்தார். தலையை அண்ணாந்து, கோப்பையை உயரத் தூக்கி, வாயில் ஊற்றிக்கொண்டார். அகல வாய்க் கோப்பை, டம்ளர் போல ஒரு பக்கமாக ஒழுகவில்லை. சூடான டீ மோவாயில் வழிந்து, கழுத்தில் வழிந்து, பனியனை நனைத்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. அத்தைக்கு வரவில்லை.

"வாய் வச்சே குடிக்கலாம். நம்ம வூடுதானே."

மாமா கோப்பையைக் கீழே வைத்தார். அதற்குப் பிறகு சில மாசம் அவர் திருப்பதிக்குப் போகவில்லை. மூட்டையை வேறொருவர் கொண்டுபோனார். அத்தை ஜெயித்துவிட்டாள் என்று நான் நினைத்தேன். அவளும் கொஞ்ச நாள் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும், நடையே மாறியிருந்தது. கொட்டகையில் தனி அடுப்பு மூட்டுகிற அந்த வீட்டைத் தாண்டும்போது இப்போது முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

ஆனால் மாமா அலமாரிப் பக்கமே போகவில்லை. தறி அடிக்க அடிக்க ஆறு கோப்பையும் கிண்கிண் என்று ஆடும். அவர் எழுந்து வெளியே போய்விடுவார். சுண்டிப் பார்ப்பதில்லை, துடைப்பதில்லை. தட்டுகளில் பஞ்சுத் தூசி படிந்தது. பாதிச் சோற்றில் எழுந்துவிடுவார். திருத்தணி மெட்ராஸ் பக்கம் போகப் போகிறது, நாம் ஆந்திராவிலேயே நிற்கப் போகிறோம் என்று தெருவே கூடி நின்று கத்திக்கொண்டிருந்த நாளில், இவர் மட்டும் ரயில் ஸ்டேஷன் பக்கமாகப் பார்த்துக்கொண்டு சுவரில் சாய்ந்திருந்தார். அத்தை வாசற்படியில் நின்று அவரையே பார்த்துக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். ஒவ்வொருவரும் இன்னொருவரைப் பார்த்துக்கொண்டிருப்பது எங்கள் வீட்டு வழக்கம்தானே.

அடுத்த வாரம் அத்தை தறிக்கூடத்திலிருந்து வந்து, தூசி துடைக்கும்போது கை நழுவி ஒரு கோப்பை உடைந்துவிட்டது என்றாள். எது என்று கேட்டேன். திருப்பதிக் கோப்பை என்றாள். சில்லு எங்கே என்று கேட்டேன். பிள்ளைகள் காலில் குத்தும் என்று குப்பைப் பள்ளத்தில் போட்டுவிட்டாளாம். ஒரு தட்டின் ஓரம் பெயர்ந்ததற்குப் பட்டினி கிடந்த மனிதர் இதற்கு என்ன செய்யப் போகிறாரோ என்று நான் பயந்துபோய் மாமாவைப் பார்த்தேன். அவர் நிமிர்ந்து அத்தையைப் பார்த்தார். அவள் அடுப்படிப் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னாள்:

"அஞ்ச வச்சிக்கினு இன்னா பண்றது. மூட்டைய எடுத்துக்கினு நீங்களே போங்க. வேற இருக்குதான்னு கேட்டுப் பாத்துக்கினு வாங்க."

மாமா மறுநாள் காலையில் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினார். அடுத்த நாள் சாயங்காலம் வெறுங்கையோடு வந்தார். இல்லையாம், அடுத்த மாசம் பார்க்கலாம் என்றார். அத்தை சரி என்று சொல்லிக் கால் கழுவத் தண்ணீர் மொண்டு கொடுத்தாள். சோற்றை அவர் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார். அலமாரிக் கதவு திறக்கும் சத்தம் மறுபடியும் கேட்க ஆரம்பித்தது.

எனக்கு மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. பள்ளத்தில் போய்த் தேடினேன். ஒரு சில்லுகூட இல்லை. ஒருநாள் கண்ணாமூச்சி விளையாட்டில் ஒளிய இடமில்லாமல் தறிக்கூடத்து மூலையிலிருந்த அத்தையின் டிரங்குப் பெட்டியைத் திறந்தபோது, அவளுடைய கல்யாணப் புடவை மடிப்புக்குள் கை வழவழப்பாக எதிலோ பட்டது. நீலக் கண் பல்லி. விரிசல்கூட விடவில்லை. சுண்டிப் பார்த்தேன், மணி மாதிரி இழுத்தது.

அப்படியே மூடிவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. அத்தை கள்ளி என்று எனக்குத் தீர்மானமாகிவிட்டது. கட்டின புருஷன் ஆசையாகச் சேர்த்த பொருளை ஒளித்துவைத்துவிட்டு, அதையே தேடிவரச் சொல்லி மாசா மாசம் அவரைத் திருப்பதிக்கு அலையவிடுகிறாளே என்று மாமாவுக்காக மனம் வெந்தேன். அன்றிலிருந்து அவளை வேவு பார்க்க ஆரம்பித்தேன். அதற்குப் பழக்கிவிட்டவளும் அவள்தானே.

மாமா திருப்பதிக்குப் போயிருந்த ஒரு மத்தியானம், தறிக்கூடத்துக் கதவிடுக்கு வழியாகப் பார்த்தேன். பெட்டி திறந்திருந்தது. அத்தை கண்ணாடி ஓட்டுக்குக் கீழே நின்று, கோப்பையை வெளிச்சத்துக்குத் தூக்கி அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கோபமாகப் பார்க்கவில்லை. பிறகு அதை இரண்டு கையாலும் ஏந்திக் கீழே இறக்கினாள். பிறந்ததிலிருந்து எந்தப் பாத்திரத்திலும் வாய் வைத்தறியாத என் அத்தை, மாமா வாய் வைத்துக் குடித்த அந்த விளிம்பில் உதட்டை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். அதில் ஒரு சொட்டுகூட இல்லை. வெறும் கோப்பையில் எதைக் குடிக்கிறாள் என்று எனக்கு அன்று புரியவில்லை.